திருப்புட்குழி என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஸ்டெல்லா கேட்டபோது, நல்லதாக நாலு விஷயம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓய்வு பெற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள், ஜெயித்த கதைகளாக எடுத்துவிடுவார்கள். என்னுடைய ஜெயித்த கதைகளெல்லாம் ஆய்விதழ்களில் இருக்கின்றன, வேண்டுமானால் தேடிப் படித்துக்கொள்ளுங்கள். தோற்ற கதை எங்கேயும் அச்சாகவில்லை. அதைச் சொல்கிறேன். உங்கள் தலைவரான ஸ்டெல்லா அப்போது என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். உங்களுக்கு அவர், எனக்கு இன்னும் அவள்தான். இந்தக் கதையில் அவளும் இருப்பதால் அவள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நம் வேலை என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் என் கணவருக்கு விளக்கியது நினைவிருக்கிறது. அவர் தறி நெய்கிறவர். கல்யாணமான புதிதில், அப்படி என்னதான் ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேட்டார். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. தினமும் அறுகிறது, அதை ஒட்டவைக்க செல்லே ஆள் வைத்திருக்கிறது, சில குடும்பங்களில் அந்த ஆள் பிறவியிலேயே சரியில்லை, அங்கே புற்றுநோய் வருகிறது என்றேன். "பாவு நூலு அறுந்தா முடி போடறவன் தூங்கிட்டான், அவ்ளோதானே" என்றார். அதைவிடச் சுருக்கமாக நான் எந்த மாநாட்டிலும் சொன்னதில்லை.

நான் சொல்லப்போகும் குடும்பம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில் இருந்தது. வீட்டுக்குள்ளேயே இரண்டு தறி. வீட்டுத் தலைவி அம்சவேணிக்கு மார்பகப் புற்றுநோய் வந்து எங்கள் ஆய்வகம் இருந்த மருத்துவமனையில் வைத்தியம் நடந்து முடிந்திருந்தது. அவருடைய அம்மா கர்ப்பப்பை பக்கத்துக் கட்டியில் இறந்தவர். அம்சவேணியின் ரத்தத்தைப் பார்த்ததில் டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் ஒரு மரபணுவில் பழுது இருப்பது தெரிந்தது. இப்படிப் பழுது உள்ள குடும்பங்களில் செல்கள் எந்த அளவுக்கு மெதுவாகத் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன என்று அளப்பதுதான் எங்கள் திட்டம்.

அளக்க வேண்டுமானால் ஒப்பிட ஒரு ஆள் வேண்டும். பழுது இல்லாத ஆள், ஆனால் அதே வீட்டில் வாழும் ஆள். அதே தண்ணீர், அதே சாப்பாடு, அதே சாயப் புகை. அப்படிப்பட்டவர் யார்? வெளியிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள். இந்த யோசனை என்னுடையது. அப்போது அதற்காக என்னைப் பாராட்டினார்கள், நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன்.

ஐயம்பேட்டைக்கு நானும் ஸ்டெல்லாவும் போனோம். அம்சவேணி நான் எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவைச் சொன்னதுமே, "அட, நம்ம ஊரு பொண்ணுதானா" என்று மேடத்தை விட்டுவிட்டு என்னை வாம்மா போம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். காபி வந்தது. ஸ்டெல்லா கையில் மூன்று பக்கத்துக்கு ஒரு கேள்வித்தாள் இருந்தது. யார் யாருக்கு என்ன உறவு, கல்யாணத்துக்கு முன்னால் உறவு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிற தாள். அவள் நாகர்கோவில்காரி. எங்கள் பக்கத்து வழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது, அதனால் ஒரு வரி விடாமல் கேட்பாள். நான் அவள் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டேன். நம் ஜனம், எனக்குத் தெரியாததா, அரை நாளைக்கு உட்காரவைத்துக் குடைவானேன் என்று எண்ணம்.

பேச்சுவாக்கில் கேட்டு நானே குடும்பப் படத்தை வரைந்தேன். அம்சவேணிக்கு ஒரு மகன், தாமோதரன். மகனின் மனைவி கலா, பிறந்தது திருப்புட்குழி. இரண்டு பெண் குழந்தைகள், பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவள் கைக்குழந்தை. அம்சவேணிக்கு உடன்பிறந்தவர் ஒரு அண்ணன், நோய் நொடி இல்லாதவர், இருப்பது திருப்புட்குழி. ஒரே காகிதத்தில், ஒரு சாண் இடைவெளியில், என் கையெழுத்திலேயே இரண்டு முறை அந்த ஊரின் பேரை எழுதியிருக்கிறேன். என் கண்ணில் அது உறைக்கவே இல்லை. அண்ணனிடம் ரத்தம் கேட்டோம். பொம்பளை வியாதிக்கு என் ரத்தம் எதற்கு என்று அவர் வரவில்லை. ஆண்களும் இந்தப் பழுதைச் சுமப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

கலாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது இருக்கும். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பாள், முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவாள். ரத்தம் எடுக்கச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். ஒப்பு மாதிரி என்பதால் அவள் மரபணுவை நாங்கள் பார்க்கவில்லை.

தாமோதரனுக்குப் பழுது இல்லை என்று முடிவு வந்தது. நானே போய்ச் சொன்னேன். அம்சவேணி அழுதார். அந்தச் சந்தோஷத்தில் நானும் வாய் நீளமாகி, பக்கத்தில் நின்ற கலாவையும் காட்டி, இவளுக்கும் உங்கள் பேத்திகளுக்கும் இது வர வழியில்லை, உங்களோடு இது முடிந்தது என்றேன். கலா வெளியிலிருந்து வந்தவள் என்று எனக்குள் முடிவே செய்திருந்தேன். அவர் அன்றைக்கே கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு எனக்கும் பிரசாதம் கொடுத்தனுப்பினார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அளவு எடுக்கும் வேலை நடந்தது. ரத்த செல்களுக்குக் கொஞ்சம் கதிர்வீச்சு கொடுத்து ஒரு நாள் விட்டுப் பார்ப்போம். சரியாகாத முறிவுகள் நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். எல்லா ஒப்பு மாதிரிகளிலும் புள்ளிகள் ஏறக்குறைய அடங்கியிருந்தன. ஒன்றில் மட்டும் அப்படியே மின்னிக்கொண்டிருந்தன. அது கலாவுடையது.

எனக்குப் பாடம் சொல்லித்தந்தவர் ஒரு விதி வைத்திருந்தார். ஒப்பு மாதிரியே தடுமாறினால் சோதனையைத்தான் சந்தேகிக்க வேண்டும், முடிவை அல்ல. நல்ல விதி, பல தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அன்றைக்கு நான் அதைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஆய்விதழுக்குத் திருத்திய கட்டுரையை இரண்டு நாளில் அனுப்ப வேண்டும். ஸ்டெல்லாவின் உதவித்தொகைக் காலம் முடியப் போகிறது. வரும் வழியில் ரத்தம் சூடாகியிருக்கும், கணக்கிலிருந்து தூக்கிவிடு என்றேன். அதே பெட்டியில் வந்த மற்ற ரத்தம் நன்றாகத்தானே இருக்கிறது மேடம் என்றாள் ஸ்டெல்லா. நேரமில்லை என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவள் எடுத்துவிட்டாள். தன் குறிப்பேட்டில் மட்டும், "நீக்கப்பட்டது. காரணம்: மேடம் சொன்னார்" என்று எழுதிவைத்தாள். அதைப் பின்னால்தான் பார்த்தேன்.

கட்டுரை ஏற்கப்பட்டது. அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பிழை பார்க்க வந்திருந்தது. அந்த வாரம் அம்சவேணி வழக்கமான பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு வந்தவர், என் அறையைத் தேடி வந்து தட்டில் வெற்றிலை பாக்கோடு கல்யாணப் பத்திரிகையை வைத்து நீட்டினார். எங்கள் அண்ணன் பையனுக்குக் கல்யாணம், இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, அவசியம் வர வேண்டும் என்றார். வாங்கிக்கொண்டு, கலா வரவில்லையா என்று சும்மா கேட்டேன்.

"அவளுக்கு எங்கம்மா நேரம்? தம்பி கல்யாணமாச்சே. அலைஞ்சிக்கினு இருக்குறா" என்றார்.

அண்ணன் மகனுக்குக் கல்யாணம். அது கலாவின் தம்பிக்குக் கல்யாணம். அப்படியென்றால் கலா உங்கள் அண்ணன் மகளா என்று கேட்டேன். ஆமாம், சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று எடுத்தோம், இதில் என்ன அதிசயம் என்பது போல என்னைப் பார்த்தார்.

அவர் பார்த்தது நியாயம். நானே என் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். என் மாமியார் என் அம்மாவைப் பெற்றவர். எங்கள் வீட்டு வம்சப் படத்தை வரைந்தால் கோடுகள் சுற்றிச் சுற்றி அதே வாசலில் வந்து நிற்கும். வெளியூரிலிருந்து வந்த எந்த ஆராய்ச்சியாளரும் அந்த வீட்டில் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை, அந்த ஊரிலேயே பிறந்து அப்படியே கல்யாணமும் செய்துகொண்ட நான் கேட்கவில்லை. தெரிந்த இடம் என்பதால் பார்க்காமலே நடந்துவிட்டேன். இப்போது யோசித்தாலும் எனக்கு என் மேல் கோபம்தான் வருகிறது.

அம்சவேணி போனதும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் குறிப்பேட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். அம்மாவின் பழுது அம்சவேணிக்கு வந்திருக்கிறது, அவருடைய அண்ணனுக்கும் வந்திருக்கலாம், அவர் வழியாகக் கலாவுக்கும். நாங்கள் குப்பை என்று எடுத்துப் போட்டது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

துறைத் தலைவரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, விதிப்படி நடப்பவர். ஒப்பு மாதிரி கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்வதில்லை என்று எழுதித்தான் ரத்தம் வாங்கியிருக்கிறோம், பச்சைப் புள்ளியை வைத்து யாருக்கும் எதையும் உறுதியாகச் சொல்லவும் முடியாது, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிக்குழு மூன்று வாரத்தில் கூடுகிறது, அதுவரை பொறுங்கள் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. கல்யாண வீட்டில் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் கேட்டார். அது எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை வீட்டு ரத்தத்தில் புற்றுநோய் என்று பெண் வீட்டார் காதில் விழுந்தால் பந்தல் கால் நட்ட பிறகும் கல்யாணம் நிற்கும்.

அன்று முழுக்க யோசித்தேன். சாயங்காலம் ஒரு விஷயம் தெளிவானது. புள்ளிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உனக்கு வராது, உன் குழந்தைகளுக்கு வராது என்று நான் வாயால் சொன்னேனே, அதற்கு எந்தக் குழுவிடமும் அனுமதி வாங்கவில்லை. அப்படிச் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுவதற்கும் அனுமதி வேண்டியதில்லை. தலைவரிடம் இதை எழுதிக் கொடுத்துவிட்டு, கட்டுரையையும் நிறுத்தச் சொல்லி ஆய்விதழுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நீங்கள் விதியோடு முட்டிக்கொள்ளும் நாள் வரும். அப்போது, இதில் எது ஆராய்ச்சியின் முடிவு, எது நான் பேசிய பேச்சு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குத் தனியாகப் போனேன். வீடு முழுக்க உறவுக்காரர்கள். இது கலாவிடம் மட்டும் பேச வேண்டிய விஷயம், மாமியாரிடம்கூட அல்ல. ஆனால் அம்சவேணி என் பக்கத்தை விட்டு நகரவில்லை. இட்லி கொடுத்தார், கல்யாணப் புடவையைப் பிரித்துக் காட்டினார். கடைசியில் கிளம்பும்போது, ஆட்டோ ஏற்றிவிட வாம்மா என்று கலாவை அழைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன்.

அங்கே, ஒரு வளையல் கடை நிழலில் நின்று சொன்னேன். "போன தடவை உனக்கும் உன் பொண்ணுங்களுக்கும் இது வராதுன்னு சொன்னேன். அது தப்பு கலா. நீ யார் பொண்ணுன்னு கேக்காமலே சொல்லிட்டேன். உங்க அப்பா வழியா உனக்கு வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். பாக்கணும்."

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் கையை அசைத்து அதைப் போகச் சொன்னாள்.

"இடது பக்கம் ஒரு கட்டி இருக்குது மேடம். நாலு மாசமா இருக்குது" என்றாள். "காட்டிட்டு வரலாம்னு அத்தைகூட சொன்னாங்க. நாந்தான், மேடமே நமக்கு வராதுன்னு சொல்லிட்டாங்க, பால் கட்டிக்கினு இருக்கும்னு உட்டுட்டேன்."

எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. மன்னித்துவிடு என்றேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவள் மனம் கல்யாணத்தில் இருந்தது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள்தான் பின்னால் நின்று தாலி முடிச்சைப் போட வேண்டும். அவள் மருத்துவமனையில் கிடந்தால் காரணம் கேட்பார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் வருகிறேன் என்றாள்.

சரி என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் எனக்கும் அன்று சுலபமாக இருந்திருக்கும். நான் சம்மதிக்கவில்லை. நாளைக்கே வா, யாரிடமும் சொல்ல வேண்டாம், ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வா, பார்த்துவிட்டு எப்போது வைத்தியம் என்பதை டாக்டரோடு உட்கார்ந்து நீயே முடிவு செய் என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

வந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அறிக்கை வந்தது. புற்றுநோய்தான். சின்னது, அக்குள் வரைக்கும் போகவில்லை. ஒரு வாரம் பொறுக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் அவளிடமே சொன்னார். கல்யாணத்துக்கு நானும் போனேன். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு தம்பி மனைவியின் பின்னால் நின்று அவள் முடிச்சுப் போட்டதைப் பார்த்தேன். நாலாம் நாள் ஆபரேஷன் நடந்தது. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு முறைப்படி மரபணுவையும் பார்த்தோம். அத்தைக்கு இருந்த அதே பழுது இருந்தது. அவள் அப்பாவும் தம்பியும் பின்னால் தாங்களாகவே வந்து ரத்தம் கொடுத்தார்கள். அப்பாவுக்கு இருந்தது, தம்பிக்கு இல்லை. அதை அவன் தன் மனைவியிடம் தானே சொல்லிக்கொண்டான். கல்யாணத்துக்கு முன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆபரேஷன் முடிந்த அன்று அம்சவேணி வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. "நம்ம ஊரு பொண்ணுன்னு நெனச்சி எதக் கேட்டாலும் சொல்லியிருப்பேனே. ஒன்னே ஒன்னு கேட்டிருக்கலாம் இல்ல" என்றார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றதால் ஸ்டெல்லாவின் பட்டம் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போனது. எல்லாக் குடும்பத்துக்கும் மறுபடி போய், அந்த மூன்று பக்கத் தாளை அவளே கேட்டாள். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒப்பு மாதிரி என்று நான் குறித்திருந்தவர்களில் இன்னும் இரண்டு பேர் அந்தந்த வீட்டுக்கே ரத்த சொந்தம் என்று தெரிந்தது. நல்லவேளை, அவர்களுக்குப் பழுது இல்லை. நல்லவேளை என்பது அறிவியலில் சொல்லத் தகுந்த வார்த்தை அல்ல, எனக்கும் தெரியும்.

கலா பிழைத்துக்கொண்டாள். மருந்தில் முடி கொட்டி முளைத்தது. ஆறேழு மாதம் மெஷினைத் தொடவில்லை, பிறகு தொட்டாள். நான் ஓய்வு பெற்றுக் காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்ட பிறகு அடிக்கடி பார்த்துக்கொள்கிறோம். பொங்கலுக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவள் என்னிடம் ஒருநாளும் அதைக் குத்திக்காட்டியதில்லை, நானும் அது முடிந்துபோனது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் வந்திருந்தாள். பெரியவளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது, நர்சிங் படிக்கிறாள். தானே முடிவு செய்து, பரிசோதனை செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். நான் கூட வருகிறேன், ரத்தம் கொடுக்கும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன், முடிவையும் நானே விளக்கிச் சொல்கிறேன் என்று படபடவென்று பேசிவிட்டேன்.

கலா நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க வேணாம் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க ஸ்டெல்லா மேடத்துகிட்ட போறோம். அவங்க எல்லாத்தையும் கேப்பாங்க."

வருகிற வாரம் உங்கள் ஆய்வகத்துக்கு அந்தப் பெண் வருவாள். அவள் குடும்பப் படத்தை நான் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறேன், கோப்பில் இருக்கும். அதை எடுக்காதீர்கள். வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு அவளிடமே முதலிலிருந்து கேளுங்கள்.